பொஸ்நான் வண்டிக்கு முன்னால் ஒரு பந்தி

ஆங்கிலத்திலிருந்து போலிஷ் மொழிக்குப் போகிற சொற்கள் எங்கள் ஊர் ஜங்ஷனில்தான் வண்டி மாற வேண்டும். போலிஷிலிருந்து அவற்றின் அர்த்தங்கள் எதிர்வண்டியில் வந்து இறங்கும். சொல்லும் அர்த்தங்களும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு, ஒன்றாக வண்டியேறிப் போய்விடும். அவ்வப்போது இப்படி முகம் பார்த்துக்கொள்ளாவிட்டால் உறவு விட்டுப்போகும் என்பதால் இந்த ஏற்பாடு. ஸ்டேஷன் ஓய்வறையில் மின்விசிறி ஓடாது. அதனால் சாப்பாடு எங்கள் வீட்டில்.

இந்தப் பொறுப்பை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. நானாகப் போய் வாங்கிக்கொண்டேன். உபசாரத்தில் இந்தத் தங்கையாவை அடிக்க நம் வட்டாரத்தில் ஆள் கிடையாது. இதை நான்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன், வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சமைப்பது என் மனைவி பொன்னுத்தாய். இலை அறுத்து வருவது, துடைத்துப் போடுவது, கடைசியில் கூட்டிப் பெருக்குவது எல்லாம் அவள்தான். நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்பேன். பேர் எனக்கு வந்துவிடும்.

எனக்கென்று ஒரு கொள்கை உண்டு. விருந்தாளி முதலில் சொல்கிற ‘போதும்’ கணக்கில் வராது. அடுத்த ‘போதும்’ வெட்கத்தினால் வருவது. அதற்கப்புறமும் சொன்னால் கையை இலைக்கு மேல் குறுக்கே வைத்திருப்பார்கள், விரலிடுக்கில் ஊற்றிவிடலாம். இலை காலியாகக் கண்ணில் பட்டால் எனக்கு உடம்பெல்லாம் என்னவோ செய்யும். போன மாதம் ‘ஓடு’ என்கிற வினைச்சொல் வந்திருந்தது. இலையில் உட்காரவே மாட்டேன் என்றது. பாயசச் சொம்போடு பஜார் வரைக்கும் துரத்திக்கொண்டு போய் வாயில் ஊற்றிவிட்டுத்தான் திரும்பினேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். பாராட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டேஷன் மாஸ்டர் துரைப்பாண்டி போன் பண்ணினார்.

“அண்ணாச்சி, இன்னைக்கு வாரது பெரிய ஆளு. சாப்பிடுத வினை. மத்தியான வண்டில இங்கிலீஷ்ல இருந்து வாரார். நாலு மணிக்குப் பொஸ்நான் வண்டில ஏத்தி விட்டுறணும். தயவுசெஞ்சு லேட் பண்ணிராதீங்க.”

“நான் என்னைக்கு மாஸ்டர் லேட் பண்ணிருக்கேன்?” என்றேன்.

அவர் போனை வைத்துவிட்டார்.

ஒரு வினை பயணத்தில் இருக்கும்போது அந்த இரண்டு மொழிகளுக்கும் நடுவில் அந்தக் காரியம் நின்றுவிடும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இங்கிலீஷ் பேசுகிற ஒருவரும் போலிஷ் பேசுகிற ஒருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தால், ஸ்பூன் வாய்வரைக்கும் வரும், உள்ளே போகாது. வினை போய்ச் சேர்ந்ததும் எல்லாரும் சாப்பிடுவார்கள். இதனால் யாரும் செத்ததில்லை. வழக்கமாக நான் இதைப் பற்றி யோசிக்கக்கூட மாட்டேன். ஆனால் அன்றைக்கு என் மகள் முத்தரசி அப்படியொரு மேஜையில் உட்காரப் போகிறாள்.

முத்தரசி போலந்தில், அந்தப் பொஸ்நானில்தான் வேலை பார்க்கிறாள். போலிஷ் வராது, அங்கே எல்லாரோடும் இங்கிலீஷ்தான். கூட வேலை பார்க்கும் ஒரு பையனை அவளுக்குப் பிடித்திருக்கிறது. அவன் பெயரைச் சொல்லப்போனால் எனக்குத் தும்மல் வந்துவிடும், அதனால் வீட்டில் ‘மாப்பிள்ளை’ என்றே சொல்லிக்கொள்வோம். முடிவு அவன் அம்மா ஹலினாம்மா கையில் இருந்தது. அந்த அம்மாவுக்குப் படிப்பு, சம்பளம், நிறம், ஜாதகம் எதுவும் ஒரு பொருட்டில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, தான் சமைத்ததைப் பெண் எப்படிச் சாப்பிடுகிறாள் என்று பார்ப்பார். ரசித்துச் சாப்பிட்டால் மருமகள். கொறித்தால், அவள் கழற்றி மாட்டிய குளிர்கோட்டை எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார். மாப்பிள்ளையின் அண்ணன் இப்படித்தான் தலை நரைத்தும் கல்யாணமாகாமல் இருக்கிறான்.

“நாலு மணி வண்டில அவர் ஏறிட்டா, நாங்க சாப்பிட உக்காரவும் அவர் வந்து சேரவும் சரியா இருக்கும்ப்பா. ஏத்தி விட்டுருவீங்கல்ல?” என்று காலையிலேயே கேட்டாள்.

“உங்க அப்பன யாருன்னு நெனச்ச?” என்றேன்.

“அதான் பயமா இருக்கு” என்றாள்.

சாப்பிடுகிற வினை என்றால் தொந்தியும் தொப்பையுமாக வருவார் என்று நினைத்து, ஒருவருக்கு இரண்டு ஆட்டோ சொல்லி வைத்திருந்தேன். இறங்கியவர் ஒல்லி. இங்கிலீஷில் அவருக்கு மூன்றே எழுத்து, சதை எங்கிருந்து வரும்? கையில் ஒரு ரெக்சின் பை வைத்திருந்தார். “ஊரெல்லாம் என்னால்தான் சாப்பிடுகிறது. எனக்குத்தான் ஒரு வேளை நிம்மதியாக உட்கார நேரமில்லை” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்றைக்கு இவரைச் சும்மா விடுவதில்லை என்று அங்கேயே தீர்மானித்துவிட்டேன்.

எதிர்வண்டியில் போலிஷ் அர்த்தங்கள் நான்கு பேர் வந்து இறங்கினார்கள். மூத்தவர், மனிதர்கள் அன்றாடம் சாப்பிடுவதன் அர்த்தம். சலவைச் சட்டை, வழித்து வாரிய தலை, அதிர்ந்து பேசாதவர். இளையவர் அவருடைய தம்பி, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடிப்பதன் அர்த்தம். மூன்றாமவர், மிருகங்கள் தின்பதன் அர்த்தம். போலிஷில் அதற்கென்று தனியாக ஆள் வைத்திருக்கிறார்கள். பூட்ஸெல்லாம் சேறாக இருந்தது. தங்கள் ஊரில் அவரை மனிதர் மேஜைக்குக் கூப்பிட்டால் கைகலப்பு வரும் என்று மூத்தவர் என் காதில் சொன்னார். நான்காவது ஒரு அம்மா, தலையில் துணி கட்டியிருந்தார். கவலை ஒருவரை உள்ளேயிருந்து தின்பதன் அர்த்தம் அவர். என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார். எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ அரித்தது. வேலையில் கெட்டிக்காரி என்று தெரிந்தது.

கூடத்தில் வரிசையாக இலை போட்டோம். பந்தியில் சேர்ந்து உட்கார்ந்தவர்கள் சேர்ந்துதான் எழ வேண்டும். சேர்ந்து எழுந்தவர்கள் சேர்ந்துதான் வண்டியேற வேண்டும். இது ரயில்வே விதி.

பருப்பும் நெய்யுமாகத் தொடங்கியது. பொன்னுத்தாய் அன்றைக்கு வைத்த சாம்பாரைச் சொல்லி முடியாது. வினை கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். மூத்தவர் சாம்பார், ரசம், மோர் என்று முறையாகப் போனார். மிருக அர்த்தம் கையைக் கட்டிக்கொண்டு முகத்தை நேரே இலையில் வைத்துவிட்டார். “இந்தத் தம்பிதான் மனசாரச் சாப்பிடுது” என்று பொன்னுத்தாய் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள். கவலையம்மா சோற்றைத் தொடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மணி மூன்றுக்கு எல்லாரும் முடித்துவிட்டார்கள், இளையவரைத் தவிர.

விஷயம் இதுதான். இளையவரால் இலையில் எதையும் மிச்சம் வைக்க முடியாது. என்னால் காலி இலையைப் பார்க்க முடியாது. அவர் வழித்துச் சாப்பிட்டு நிமிர்வார். காலி இலை என் கண்ணில் படும். நான் ஒரு கரண்டி வைப்பேன். அவர் குனிந்து அதைச் சாப்பிடுவார். முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இப்படியொரு விருந்தாளி அமைவதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று பொன்னுத்தாயிடம் சொன்னேன்.

“ஏங்க, அந்த மனுசனுக்கு முழி பிதுங்குது” என்றாள் அவள்.

நாலு மணி ஆயிற்று. பொஸ்நான் வண்டி வந்து நின்றுவிட்டதாக மாஸ்டர் போன் பண்ணினார். பெரிய ஆள் இல்லாமல் கிளப்ப முடியாது, கொடியைச் சுருட்டி வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன் என்றார். நான் இளையவருக்கு அவியல் வைத்துக்கொண்டிருந்தேன்.

“ஐயா, நிறுத்திக்கொள்ளுங்கள்” என்றார் இளையவர். “என்னால் மிச்சம் வைக்க முடியாது. வைத்தால் அண்ணனுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும். அப்புறம் என்னை எதற்கு வைத்திருப்பார்கள்?”

“காலி இலைய வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கச் சொல்லுதீங்களா?” என்றேன். “எங்க ஊர்ல அது வழக்கமில்ல.”

அவர் நியாயம் அவருக்கு, என் நியாயம் எனக்கு. இரண்டு பேரும் ஒருவரையொருவர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டோம். அவர் அவியலை வழித்து முடித்தார். நான் வாளியைச் சாய்த்தேன்.

முத்தரசி போன் பண்ணினாள். பின்னணியில் பாத்திரச் சத்தம் கேட்டது.

“அப்பா, எல்லாரும் உக்காந்துட்டோம். கோழி சூப்பு, சேமியா மாதிரி போட்டது. ஸ்பூன் வாய்கிட்ட வந்து நிக்குதுப்பா. அவர் ஏறலையா?”

“இப்ப எந்திரிச்சிருவாங்கம்மா. அதுவரைக்கும் நீ தமிழ்ல சாப்பிடேன்.”

“தமிழ்ல சாப்பிட்டா அவங்களுக்குத் தெரியாதுப்பா. சும்மா உக்காந்திருக்க மாதிரிதான் தெரியும்.”

“அவங்க போலிஷ்ல சாப்பிடலாமே.”

“சாப்பிடலாம். என்னை விட்டுட்டுச் சாப்பிட மாட்டேங்கிறாங்க. அவங்க அம்மா என் ஸ்பூனையே பாக்குறாங்க. முகம் ஒரு மாதிரி போகுது. சீக்கிரம்ப்பா.”

போனை வைக்கும்போது சோறு தீர்ந்துவிட்டது என்று பொன்னுத்தாய் வந்து சொன்னாள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி. பானையைக் கவிழ்த்தே காட்டினாள். வேறு எந்தத் தகப்பனும் அத்தோடு கையைக் கழுவியிருப்பான். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அங்கே பழைய சோறும் கத்தரிக்காய்க் கூட்டும் கிடைத்தது. எதிர்வீட்டில் எலுமிச்சைச் சாதம் வாங்கினேன். தெருவே கொடுத்தது. தங்கையா வீட்டில் இலை காலியாக இருக்கிறதாம் என்று பேச்சு வந்துவிடக் கூடாதே என்று ஓடி ஓடி வந்து வைத்தேன். இளையவர் ஓடி ஓடிச் சாப்பிட்டார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இலையில் விழுந்தது. அதையும் சேர்த்து வழித்தார்.

மறுபடி போன். சூப்பை மூன்றாவது தடவையாகச் சூடு பண்ணியாகிவிட்டது என்றாள் முத்தரசி. சேமியா ஊதிப்போய் கஞ்சி மாதிரி கிடக்கிறதாம். ஹலினாம்மா எழுந்து போய்க் கோட்டு மாட்டுகிற இடத்துப் பக்கம் நிற்கிறாராம்.

“என் கோட்டைத் தொட்டுப் பாக்குறாங்கப்பா. ஒரே ஒரு இலைய காலியா விடுங்கப்பா. எனக்காக.”

“அது எப்படிம்மா முடியும்?” என்றேன்.

அவள் அழுதாள். அழுகை காதில் விழுந்துகொண்டிருக்கும்போதே என் கை எலுமிச்சைச் சாதத்தை எடுத்து இலையில் வைத்தது. இப்படியும் ஒரு தகப்பன். கவலையம்மா என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து முழு வீச்சில் வேலையைத் தொடங்கினார். பெற்ற பிள்ளையின் வாழ்வு ஒரு கரண்டியில் தொங்குகிறது, கரண்டியோ என் கையில் இருக்கிறது, கையோ என் பேச்சைக் கேட்கவில்லை.

“ஏங்க” என்றாள் பொன்னுத்தாய். “நின்னுக்கிட்டே இருக்கதாலதான கை சும்மா இருக்க மாட்டேங்குது. நீங்களும் ஒரு இலையில உக்காருங்க. கரண்டிய இங்க குடுங்க.”

விருந்தாளி இருக்கும்போது நான் இலையில் உட்கார்ந்ததே கிடையாது. மானம் போகிற காரியம். ஆனால் போனில் இன்னும் அழுகைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கரண்டியைக் கொடுத்துவிட்டு மிருக அர்த்தத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு இடம் விட்டார்.

பொன்னுத்தாய் எனக்கு ஒரு கரண்டி வைத்தாள். “போதுமா?” என்றாள். மரியாதைக்கு “போதும்” என்றேன். நல்ல பசி. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அவளோ, போதும் என்று சொன்னால் போதும் என்று எடுத்துக்கொள்கிறவள். கரண்டியை வாளிக்குள் போட்டாள். இளையவரிடம் திரும்பி, “உங்களுக்குப் போதுமாய்யா?” என்றாள். “போதும் தாயே” என்றார் அவர். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இளையவர் இலையை மடித்தார். காரியம் முடிந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து பரிமாறிக்கொண்டு திரிகிறேன், இப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தெரியாது.

எல்லாரும் சேர்ந்து எழுந்தோம்.

ஸ்டேஷனில் மாஸ்டர் தலைகளை எண்ணினார். “ஒரு வினை, அஞ்சு அர்த்தம். ஏறுங்க ஏறுங்க.”

“மாஸ்டர், நான் வீட்டுக்காரன்லா” என்றேன்.

“பந்தியில உக்காந்தீங்களா?”

“உக்காந்தேன்.”

“அப்ப ஏறுங்க அண்ணாச்சி.”

பொன்னுத்தாய் என் துண்டை எடுத்து வந்திருந்தாள். ஜன்னல் வழியாகக் கொடுத்து, “அங்க குளிரும்” என்றாள். வண்டி நகர்ந்தது.

எங்கள் ஊருக்கு அடுத்த ஸ்டேஷன் பொஸ்நான்தான். நடுவில் ஒரு இடத்தில் தண்ணீர் பிடிக்க மட்டும் நிற்கும். அங்கே நிற்கும்போது வினை என்னைப் பார்த்து, நான் எதன் அர்த்தம் என்று கேட்டார். போய் இறங்கியதும் வேலையில் சேரவேண்டும் அல்லவா.

“தான் சாப்பிடாம அடுத்தவங்களப் போட்டுப் படுத்துறது” என்றேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

மூத்தவர் யோசித்தார். “அது எங்களிடம் இல்லை” என்றார். “ஆனால் ஆள் தேவைப்பட்டுக்கொண்டேதான் இருந்தது. எங்கள் ஊர் அம்மாக்கள் அதைச் சொல்லத் தெரியாமல், வெறுமனே தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.” இளையவர் மட்டும் என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை.

பொஸ்நானில் இறங்கியதும் அவரவர் வேலைக்குப் பிரிந்தார்கள். மிருக அர்த்தம் நாய் குரைக்கிற பக்கமாக ஓடினார். கவலையம்மா என்னிடம் சொல்லிக்கொண்டு ஏதோ ஒரு ஆஸ்பத்திரிப் பக்கம் போனார். வினை, சகோதரர்கள் இருவரோடும் ஹலினாம்மா வீட்டு மேஜைக்குப் போனார். எனக்கு ஹலினாம்மாவின் வாயில் இடம் கொடுத்தார்கள். கதகதப்பாகத்தான் இருந்தது. சூப்பை அப்போதுதான் ருசி பார்த்திருக்கிறார் போல. உப்பு கொஞ்சம் கம்மி.

பல்லிடுக்கு வழியாக என் மகளைப் பார்த்தேன். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. ஸ்பூன் வாய்க்கு நேரே நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் மாப்பிள்ளை. பரவாயில்லை, லட்சணமான பையன்தான். ஹலினாம்மா ஒரு கையில் கோட்டைப் பிடித்திருந்தார், கொடுப்பதா வேண்டாமா என்று. சொல்லும்மா, என்னைச் சொல்லும்மா என்று உள்ளேயிருந்து நாக்கை முட்டினேன்.

ஹலினாம்மா என் மகளைப் பார்த்து, ‘சாப்பிடு, சாப்பிடு’ என்று என்னைச் சொன்னார்.

முத்தரசி சட்டென்று நிமிர்ந்தாள். யார் வந்திருப்பது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. “வந்துட்டீங்களாப்பா” என்று முணுமுணுத்துவிட்டு ஸ்பூனை வாயில் வைத்தாள்.

அப்புறம் அவள் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்க்க வேண்டுமே! ஊதிப்போன அந்தச் சூப்பைத் தட்டில் ஒரு சொட்டில்லாமல் குடித்தாள். வாத்துக்கறி வந்தது, கூடவே வேகவைத்த மாவுருண்டையும் சிவப்பு முட்டைக்கோசும். எல்லாவற்றையும் கண்ணீரைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டாள். ஹலினாம்மா என்னைச் சொல்லிச் சொல்லி வைத்தார். ஒரு கட்டத்தில் கோட்டைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் வைத்தார். நான் இல்லாமல் இத்தனை காலம் அந்த அம்மா எப்படித்தான் சமாளித்தாரோ, பாவம்.

சாப்பிட்டு முடித்ததும் ஹலினாம்மா உள்ளே போய்ப் புதிதாக ஒரு ஜோடி வீட்டுச் செருப்பு கொண்டுவந்து என் மகளின் காலடியில் வைத்தார். அந்த வீட்டில் அதுதான் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அண்ணன் எழுந்து நின்று கைதட்டினான். நான் மேலண்ணத்தில் சாய்ந்துகொண்டு அழுதேன். ஹலினாம்மா ஏப்பம் என்று நினைத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

ஊருக்குச் சொல்ல வேண்டுமே. முத்தரசி போன் போட்டு ஹலினாம்மா வாய்க்கு நேரே பிடித்தாள். அந்த அம்மா வாயைத் திறந்துகொடுத்தார். அந்தக் குடும்பத்தின் வாயில் குடியிருக்கிறவன் என்ற முறையில் அவர்கள் பக்கத்துப் பேச்சை இனி நான்தான் பேச வேண்டும் என்று முடிவாகியிருந்தது.

“பொண்ண எங்களுக்குப் பிடிச்சிருக்கு” என்றேன்.

அந்தப் பக்கம் பொன்னுத்தாய் தொண்டையைச் சரிபண்ணிக்கொள்வது கேட்டது.

“ரொம்ப சந்தோசம் சம்பந்தி” என்றாள். “எங்க வீட்டுக்காரர் ஊர்ல இல்ல. வந்ததும் கலந்து பேசிட்டுச் சொல்லுதோம்.”

“அவசரமில்ல சம்பந்தியம்மா” என்றேன். “நிதானமா அவரைக் கேட்டுட்டுச் சொல்லுங்க.”